நானோஃப்ளூயிடோட தெர்மல் கண்டக்டிவிட்டிய நியூரல் நெட்வொர்க் வச்சு கணிக்கிறது: டேபிள் போடுறதுல இருந்து மாடலை கைமாத்துற வரைக்கும்

தண்ணி மாதிரி ஒரு திரவத்துல (அதுதான் பேஸ் ஃப்ளூயிட்) நானோ சைஸ் துகளை கலந்தா அது நானோஃப்ளூயிட், அது வெப்பத்தை எவ்வளவு நல்லா கடத்துதுங்கிறதுதான் தெர்மல் கண்டக்டிவிட்டி. அதை நியூரல் நெட்வொர்க் வச்சு கணிக்கிற இந்த வேலைய புதுசா ஆரம்பிக்கிற யாரா இருந்தாலும் முதல் நாளே கேக்குறது ஒன்னுதான், எத்தனை லேயர் வைக்கணும், எத்தனை நியூரான் வைக்கணும். அந்த கேள்வி இங்க 8-வது படிலதான் வரும், வந்த வேகத்துலயே முடிஞ்சும் போயிடும். ஏன்னா இதுல தப்பு நடக்குற இடம் நெட்வொர்க் இல்ல, அதுக்கு முன்னாடி இருக்குற டேபிளும் அந்த டேபிளை எப்படி வெட்டுறோம்ங்கிறதும்தான். அதனால படிகளோட வரிசைய மாத்தாதீங்க, 6-வது படிய தாண்டி குதிச்சிட்டு 10-க்கு போனீங்கன்னா அங்க வர்ற நம்பர் எல்லாமே சும்மா அழகுக்குத்தான்.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கைல இருக்க வேண்டியது

பைத்தானும் அதோட மெஷின் லேர்னிங் லைப்ரரியான சைக்கிட்-லேர்னும் இருந்தா போதும். மேட்லாப்ல செய்றவங்களும் நிறைய பேர் இருக்காங்க, அதுலயும் செய்யலாம், ஆனா அதுல ஒரு டீஃபால்ட் செட்டிங் கழுத்தறுக்கும், அதை 6-வது படில சொல்றேன். ஜிபியு எல்லாம் தேவையே இல்ல, சில நூறு வரி டேட்டாவுக்கு சாதா லேப்டாப்பே கண்ண மூடி திறக்கிறதுக்குள்ள ட்ரெயின் பண்ணிடும்.

பேஸ் ஃப்ளூயிடோட கண்டக்டிவிட்டி டெம்பரேச்சருக்கு ஏத்த மாதிரி எப்படி மாறுதுன்னு ஒரு நம்பகமான டேபிள் வேணும். தண்ணிக்கு 20 டிகிரில 0.598, 25-ல 0.607, 60-ல சுமார் 0.65 வாட் பெர் மீட்டர் கெல்வின். எத்திலீன் கிளைக்காலுக்கு ரூம் டெம்பரேச்சர்ல 0.25 பக்கம். துகள்களோட டென்சிட்டியும் வேணும், அலுமினா கன மீட்டருக்கு சுமார் 3,970 கிலோ, காப்பர் ஆக்சைடு 6,300-ல இருந்து 6,500 வரைக்கும் சொல்வாங்க.

அப்புறம் கிராஃப்ல இருந்து புள்ளிகளை எடுக்க வெப்பிளாட்-டிஜிட்டைசர் மாதிரி ஒரு டூல். டேட்டா எடுக்கப் போற ஆய்வுப் பேப்பர்கள்ல பாதில நம்பர் டேபிளா இருக்காது, படமாத்தான் இருக்கும்.

2. எதை கணிக்கப் போறோம்னு முதல்ல முடிவு பண்ணுங்க

கண்டக்டிவிட்டிய அப்படியே அவுட்புட்டா வைக்காதீங்க. நானோஃப்ளூயிடோட கண்டக்டிவிட்டிய அதே டெம்பரேச்சர்ல இருக்குற பேஸ் ஃப்ளூயிடோட கண்டக்டிவிட்டியால வகுத்து வர்ற விகிதத்தை வைங்க.

காரணம் இதுதான். டேட்டால தண்ணி சாம்பிளும் கிளைக்கால் சாம்பிளும் கலந்து இருக்குன்னா ஒரு கூட்டம் 0.6-ல நிக்கும், இன்னொரு கூட்டம் 0.25-ல நிக்கும். நெட்வொர்க் "இது தண்ணியா, கிளைக்காலா"ன்னு மட்டும் கண்டுபிடிச்சிட்டா போதும், ஆர் ஸ்கொயர் (1-க்கு எவ்வளவு பக்கமோ கணிப்பு அவ்வளவு ஒத்துப்போகுதுன்னு அர்த்தம்) 0.98-க்கு மேல போயிடும், நானோ துகளை பத்தி அது ஒரு எழுத்துகூட கத்துக்கிட்டு இருக்காது. விகிதம்னு வச்சா அந்த குறுக்கு வழி அடைபட்டுடும், பெரும்பாலான வரிகள் 1.0-க்கும் 1.3-க்கும் நடுவுல வந்து உக்காந்துடும், அப்போதான் உண்மையான கஷ்டம் கண்ணுக்கு தெரியும்.

"அதே டெம்பரேச்சர்ல"ங்கிற வார்த்தைய கோட்டை விடுறவங்க ஏராளம். 60 டிகிரில அளந்த ஒரு சாம்பிளை எடுத்துக்கோங்க, அது உண்மையில தண்ணிய விட 5 சதவீதம் தான் அதிகம், அப்போ கண்டக்டிவிட்டி சுமார் 0.687. இதை 60 டிகிரி தண்ணியோட வகுக்காம 20 டிகிரி தண்ணியோட 0.598-ஆல வகுத்தா 1.15 வரும். 5 சதவீதம் ஒரே வகுத்தல்ல 15 ஆயிடுச்சு! அதுல பெரும்பகுதி தண்ணி சூடானதால வந்தது, துகளுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பேப்பர்ல விகிதமா கொடுத்திருந்தா கீழ எந்த டெம்பரேச்சர் தண்ணி வச்சு வகுத்தாங்கன்னு தேடிப் பாருங்க, எழுதலைன்னா அந்த பேப்பரை ஓரமா வைங்க.

3. டேட்டா சேக்குறது, கூடவே டேபிளை காலம் காலமா (நெடுவரிசையா) பிரிக்கிறது

ஒவ்வொரு வரிக்கும் இது இருக்கணும்: துகள் என்ன பொருள், துகளோட கண்டக்டிவிட்டி, துகள் சைஸ், சைஸை எதை வச்சு அளந்தாங்க, வடிவம், வால்யூம் ஃப்ராக்ஷன் (மொத்த கன அளவுல துகளோட பங்கு), பேஸ் ஃப்ளூயிட், டெம்பரேச்சர், சர்ஃபேக்டன்ட் (துகள் ஒன்னோட ஒன்னு ஒட்டாம இருக்க போடுறது) உண்டா இல்லையா, எந்த முறைல அளந்தாங்க, கடைசியா எந்த பேப்பர். இந்த கடைசி காலம்தான் உயிர். அதை நெட்வொர்க்குக்கு கொடுக்கவே மாட்டோம், ஆனா அது இல்லைன்னா 6-வது படிய செய்யவே முடியாது, 600 வரி சேத்து முடிச்சிட்டு எந்த வரி எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாம முதல்ல இருந்து ஆரம்பிச்சவங்கள பாத்திருக்கேன்.

சைஸ் காலத்துல ஒரே வார்த்தைக்குள்ள மூணு விஷயம் ஒளிஞ்சிருக்கும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தா தனித்துகள் சைஸ், எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன்ல கிரிஸ்டலைட் சைஸ், ஒளிச்சிதறல் முறைல திரவத்துக்குள்ள ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு கிடக்குற கட்டியோட சைஸ். ஒரே பவுடர் முதல் முறைல 30 நானோமீட்டரா இருந்துட்டு மூணாவது முறைல 150-ன்னு வர்றதெல்லாம் சகஜம். ரெண்டையும் ஒரே காலத்துல போட்டா நெட்வொர்க் சைஸ்ங்கிறதையே குப்பையா பாக்க கத்துக்கும். முடிஞ்சா மைக்ராஸ்கோப் சைஸை மட்டும் எடுங்க.

அளந்த முறையும் சும்மா போடுறது இல்ல. ட்ரான்சியன்ட் ஹாட் வயர் முறைல கம்பிய கொஞ்ச நேரம்தான் சூடாக்குவாங்க, ஆனா டெம்பரேச்சர் ஏற ஏற திரவம் இளகி கம்பிய சுத்தி ஓட ஆரம்பிச்சிடும், அந்த ஓட்டம் எடுத்துட்டு போற வெப்பமும் கண்டக்டிவிட்டி கணக்குல சேந்துடும். சூடான சாம்பிள்ல திடீர்னு எகிறி நிக்குற நம்பரை பாத்தா முதல் சந்தேகம் இதுமேலதான் வரணும்.

கிராஃப்ல இருந்து எடுக்கும்போது ரெண்டு பொறி இருக்கு. ஒன்னு, அந்த படத்துல இருக்குற எல்லா புள்ளியும் அவங்க அளந்தது இல்ல, ஒப்பிட்டு காட்டுறதுக்காக வேற பேப்பரோட புள்ளிகளையும் போட்டிருப்பாங்க. அதையும் சேத்து எடுத்துட்டு அந்த மூல பேப்பரையும் தனியா எடுத்தீங்கன்னா ஒரே அளவீடு ரெண்டு பேர்ல டேபிளுக்குள்ள உக்காந்திருக்கும். இன்னொன்னு, புள்ளி இல்லாம வழவழன்னு ஓடுற கோடு, அது ஃபார்முலால போட்டது, அளந்தது இல்ல. அதை டேட்டான்னு எடுத்தா நெட்வொர்க் அந்த ஃபார்முலாவைத்தான் மனப்பாடம் பண்ணும்.

4. யூனிட்டை ஒரே மாதிரி ஆக்குறது

வெயிட் பெர்சன்ட்டும் வால்யூம் பெர்சன்ட்டும் கலந்து கிடக்குறதுதான் இங்க நடக்குற விபத்துல நம்பர் ஒன். மாத்துறது சுலபம்: துகளோட வெயிட் ஃப்ராக்ஷனை அதோட டென்சிட்டியால வகுங்க, மிச்ச வெயிட்டை திரவத்தோட டென்சிட்டியால வகுங்க, முதல் எண்ணை ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தா வால்யூம் ஃப்ராக்ஷன்.

தண்ணில 1 வெயிட் பெர்சன்ட் அலுமினாவுக்கு போட்டுப் பாருங்க. 0.01 ÷ 3,970, அது 0.00000252. 0.99 ÷ 997, அது 0.000993. வகுத்தா 0.0025, அதாவது வெறும் 0.25 வால்யூம் பெர்சன்ட். காப்பர் ஆக்சைடுன்னா இன்னும் குறைஞ்சு 0.16 பக்கம் வரும். நாலு மடங்கு, ஆறு மடங்குன்னு தப்பு! இத கவனிக்காம விட்டா அதே செறிவுல ஒரு பேப்பர் 1 சதவீத ஏற்றமும் இன்னொன்னு 3 சதவீத ஏற்றமும் காட்டுற மாதிரி தெரியும், நீங்க துகள் சைஸ் மேல பழிய போடுவீங்க.

பேப்பர்ல வெறும் "1 பெர்சன்ட்"னு மட்டும் போட்டு எதுன்னு எழுதாம இருந்தா யூகிக்காதீங்க, தயாரிப்பு பகுதில எத்தனை கிராம் பவுடர் எவ்வளவு தண்ணில போட்டாங்கன்னு பாத்து நீங்களே கணக்கு போடுங்க. அதுவும் இல்லைன்னா அந்த வரி வேண்டாம். டெம்பரேச்சர் செல்சியஸா கெல்வினா, ஃப்ராக்ஷன் 0.01-ஆ 1-ஆ, இதெல்லாம் ஒவ்வொரு காலத்தோட மினிமம் மேக்சிமம் பாத்தாலே மாட்டிக்கும்.

இன்னொரு வடிகட்டி, நான் எப்பவும் வைக்கிறது. அந்த பேப்பர்ல சுத்தமான தண்ணிய அளந்திருக்காங்களா, அது 25 டிகிரில 0.607-க்கு பக்கத்துல வருதான்னு பாருங்க. தண்ணியவே 5 சதவீதம் தள்ளி அளந்த கருவி நானோஃப்ளூயிடோட 4 சதவீத ஏற்றத்தை சரியா சொல்லும்னு நம்ப முடியாது. தண்ணிய அவங்களே அளந்திருந்தா விகிதத்துக்கு அவங்க அளந்த தண்ணியவே எடுங்க, கருவியோட நிலையான பிழைல ஒரு பகுதி வகுக்கும்போது அடிபட்டு போயிடும்.

5. நெட்வொர்க்குக்கு முன்னாடி மேக்ஸ்வெல்

ஒரு வரி கோட் எழுதுறதுக்கு முன்னாடி, துகள் கலந்த பொருளோட கண்டக்டிவிட்டிக்கு இருக்குற பழைய மேக்ஸ்வெல் ஃபார்முலால எல்லா வரிக்கும் விகிதம் கணக்கு போட்டு ஒரு காலமா சேத்துடுங்க. து-ன்னா துகளோட கண்டக்டிவிட்டி, தி-ன்னா திரவத்தோடது, ப-ன்னா வால்யூம் ஃப்ராக்ஷன்:

விகிதம் = (து + 2தி + 2ப(து − தி)) ÷ (து + 2தி − ப(து − தி))

இது எதுக்குன்னா, உங்க நெட்வொர்க் ஜெயிக்க வேண்டிய எதிராளி இதுதான். 2009-ல உலகம் முழுக்க 30-க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் ஒரே சாம்பிள்களை வாங்கி தனித்தனியா அளந்து பாத்தாங்க, பெரும்பாலான அளவீடுகள் சராசரில இருந்து 10 சதவீதத்துக்குள்ளதான் இருந்துச்சு, இந்த வகை பழைய கோட்பாடே நல்லா ஒத்தும் போச்சு. அதனால மேக்ஸ்வெல்லை சாதாரணமா நினைக்காதீங்க.

இன்னொரு பயனும் உண்டு. ப 0.02, தண்ணி 0.61-ன்னு வச்சு அலுமினாவுக்கு 40 போட்டா 1.058 வரும். காப்பருக்கு 400 போட்டா 1.061. துகளோட கண்டக்டிவிட்டி பத்து மடங்கு ஏறியும் விடை மூணாவது தசமத்துலதான் அசையுது. சிலிக்காவுக்கு 1.4 போட்டாத்தான் 1.018-ன்னு இறங்குது. அதாவது துகளோட கண்டக்டிவிட்டி காலத்தை அப்படியே கொடுக்காம லாக் எடுத்து கொடுக்கணும், இல்லைன்னா 2,000-க்கு மேல இருக்குற கார்பன் நானோட்யூப் ஒன்னே மொத்த ஸ்கேலையும் இழுத்துக்கிட்டு போயிடும், மத்ததெல்லாம் ஒரு மூலைல நசுங்கி கிடக்கும். நானோட்யூபை பத்தி ஒரு வார்த்தை, இந்த ஃபார்முலா உருண்டை துகளுக்கு, நீளமான துகளுக்கு பொருந்தாது, முதல் முயற்சில அதை சேக்காம விட்டுடுறதே புத்திசாலித்தனம்.

6. டேட்டாவ பிரிக்கிறது

இந்த படிய மெதுவா படிங்க.

வழக்கமா எல்லாரும் செய்றது, வரிகளை குலுக்கிப் போட்டு 80 சதவீதம் ட்ரெயினிங்குக்கு (நெட்வொர்க் கத்துக்க), 20 டெஸ்ட்டுக்கு (கத்துக்கிட்டதை சோதிக்க). மேட்லாப்ல நீங்க ஒன்னுமே சொல்லலைன்னாலும் 70, 15, 15-னு ரேண்டமா அதுவே பிரிச்சிடும். கழுத்தறுக்கும்னு சொன்னது இதைத்தான்.

நம்ம டேபிள் எப்படி இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு பேப்பர், ஒரே பாட்டில் சாம்பிள், அதை 20, 25, 30, 35, 40 டிகிரில அளந்து அஞ்சு வரி. குலுக்கிப் போட்டா 20, 25, 35, 40 ட்ரெயினிங்குக்கு போகும், 30 டெஸ்ட்டுக்கு வரும். 25-க்கும் 35-க்கும் நடுவுல ஒரு கோடு இழுத்தா 30-க்கு விடை வந்துடும், இதுக்கு நியூரல் நெட்வொர்க் எதுக்கு, ஸ்கேல் போதுமே. அந்த டெஸ்ட் ஸ்கோர் உங்ககிட்ட கேட்ட கேள்வி "பாத்த சாம்பிளோட பாக்காத டெம்பரேச்சர்". நீங்க பதில் சொல்ல விரும்புற கேள்வி "பாக்காத சாம்பிள்". ரெண்டும் வேற.

ஒரு தம்பி 0.998 ஆர் ஸ்கொயரோட என்கிட்ட வந்தாரு, முகமெல்லாம் பிரகாசம். அதே டேபிள், அதே நெட்வொர்க், பேப்பர் வாரியா மட்டும் பிரிச்சு ஓட்டுங்கன்னு சொன்னேன். சில பேப்பர்களுக்கு ஆர் ஸ்கொயர் மைனஸ்ல வந்துச்சு. மைனஸ்னா அந்த பேப்பரோட சராசரிய கண்ண மூடிக்கிட்டு சொல்லியிருந்தாலே இதைவிட நல்லா இருந்திருக்கும்னு அர்த்தம். அவரு கோட்ல பக் இருக்குன்னு ரெண்டு நாள் தேடினாரு. பக் எதுவும் இல்ல, முன்னாடி வந்த 0.998-தான் பொய்.

அதனால சைக்கிட்-லேர்ன்ல குரூப் கே-ஃபோல்ட் எடுங்க, குரூப்புக்கு பேப்பர் காலத்தை கொடுங்க. ஒரு பேப்பரோட எல்லா வரியும் ஒன்னு ட்ரெயினிங்ல இருக்கும், இல்ல டெஸ்ட்ல இருக்கும், ரெண்டு பக்கமும் கால் வைக்காது. பேப்பர் எண்ணிக்கை 15, 20-ன்னு கம்மியா இருந்தா ஒவ்வொரு தடவையும் ஒரு பேப்பரை மட்டும் வெளிய வச்சு சுத்தி வாங்க. மேட்லாப்னா ரேண்டம் பிரிப்பை மாத்திட்டு எந்த வரி எதுக்குன்னு நீங்களே இன்டெக்ஸ் கொடுக்குற ஆப்ஷனை எடுங்க.

ஒரே குழு அதே அளவீட்டை மாநாட்டு பேப்பரா ஒரு தடவையும் ஜர்னல் பேப்பரா ஒரு தடவையும் போட்டிருந்தா ரெண்டுக்கும் ஒரே குரூப் நம்பர் கொடுங்க. இல்லைன்னா மறுபடியும் அதே கசிவுதான், டெஸ்ட்டோட விடை ட்ரெயினிங்குக்குள்ள ஒழுகிடும்.

7. ஸ்கேலிங்

இது சின்ன படி. சைஸுக்கும் துகள் கண்டக்டிவிட்டிக்கும் லாக் எடுங்க, அப்புறம் எல்லா இன்புட்டையும் சராசரி 0, விலகல் 1-ன்னு கொண்டு வாங்க. இந்த மாத்தத்தை செய்ற ஸ்கேலரை ட்ரெயினிங் வரிகளை வச்சு மட்டும் ஃபிட் பண்ணணும், மொத்த டேபிளையும் கொடுத்து ஃபிட் பண்ணிட்டு அப்புறம் பிரிக்கக்கூடாது. பைப்லைன்னு ஒன்னு இருக்கு, ஸ்கேலரையும் நெட்வொர்க்கையும் அதுக்குள்ள போட்டுட்டா இந்த தப்பை செய்யணும்னு நினைச்சாலும் செய்ய முடியாது.

பேஸ் ஃப்ளூயிடை தண்ணிக்கு 1, கிளைக்காலுக்கு 2-ன்னு நம்பர் போட்டு கொடுக்காதீங்க. அந்த டெம்பரேச்சர்ல அதோட கண்டக்டிவிட்டியவே இன்புட்டா கொடுங்க. 60:40 கலவை வந்தாலும் அப்போ இடம் இருக்கும், 1-க்கும் 2-க்கும் நடுவுல 1.4-னு ஒன்னு கிடையாது பாருங்க.

8. நெட்வொர்க்: எத்தனை லேயர், எத்தனை நியூரான்

ஒரு ஹிட்டன் லேயர் (இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவுல இருக்குற அடுக்கு), 5-ல இருந்து 10 நியூரான், டேன்ஹெச் ஆக்டிவேஷன் (நியூரானோட கணக்கை வளைச்சுக் கொடுக்குற ஃபங்ஷன்). அவ்வளவுதான்.

கணக்கு போட்டா ஏன்னு புரியும். 6 இன்புட், 8 நியூரான்னா 48 + 8 + 8 + 1, மொத்தம் 65 வெயிட் (எடை இல்ல, நெட்வொர்க் கத்துக்கிற எண்கள்). அதுவே யாரோ சொன்னாங்கன்னு 64 நியூரான்ல ரெண்டு லேயர் வச்சா 4,673. உங்ககிட்ட இருக்குறது 400 வரி, அதுவும் 20 பேப்பர்ல இருந்து வந்தது, அதாவது உண்மையிலேயே தனித்தனியான தகவல் 400-ஐ விட ரொம்ப கம்மி. 4,673 வெயிட்டுக்கு 400 வரிய மனப்பாடம் பண்றது ஒரு வேலையே இல்ல.

9. ட்ரெயினிங்

சைக்கிட்-லேர்னோட எம்எல்பி ரெக்ரெஸ்ஸர்ல டீஃபால்ட்டா ஆடம் சால்வர் (வெயிட்டை கொஞ்சம் கொஞ்சமா சரிபண்ற முறை) இருக்கும், இந்த சைஸ் டேட்டாவுக்கு எல்பிஎஃப்ஜிஎஸ்-னு மாத்துங்க, சின்ன டேட்டால சீக்கிரமாவும் நல்லாவும் இறங்கும். மேட்லாப்ல லெவன்பெர்க்-மார்க்வார்ட், இல்லைன்னா பேயீசியன் ரெகுலரைசேஷன்.

எர்லி ஸ்டாப்பிங் (தனியா வச்ச வேலிடேஷன் வரிகள்ல பிழை குறையிறது நின்னதும் ட்ரெயினிங்கை நிறுத்துறது) வேணும்னு ஆசப்பட்டு ஆன் பண்றவங்க ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும், ஒன்னு எல்பிஎஃப்ஜிஎஸ்-ல அது வேலையே செய்யாது, ரெண்டு ஆடம்ல அது வேலிடேஷனுக்கு எடுக்குற வரிகளை ரேண்டமாத்தான் எடுக்கும், பேப்பர் பாத்து எடுக்காது, அப்போ வாசல்ல அடைச்ச கசிவு ஜன்னல் வழியா வந்துடும். அதுக்கு பதிலா ஆல்ஃபாங்கிற ரெகுலரைசேஷன் நாப்பை, அதாவது வெயிட் பெருசாகாம பிடிச்சு வைக்கிற செட்டிங்கை, திருகுங்க. டீஃபால்ட் 0.0001, அது இங்க போதாது. 0.001-ல இருந்து 1 வரைக்கும் பத்து பத்து மடங்கா ஏத்தி பாருங்க, அதையும் ட்ரெயினிங் பக்கத்துக்குள்ளேயே இன்னொரு குரூப் பிரிப்பு வச்சு தேர்ந்தெடுங்க. டெஸ்ட் பேப்பரை பாத்து ஆல்ஃபாவ தேர்ந்தெடுத்தா அதுக்கப்புறம் அது டெஸ்ட் பேப்பர் இல்ல, ட்ரெயினிங் பேப்பர்.

ரேண்டம் சீடை (ஆரம்ப வெயிட் எதுன்னு முடிவு பண்ற எண்) மாத்தி 20 தடவை ஓட்டுங்க, இருபதோட சராசரிய விடையா எடுங்க. இருபதுல எது நல்லா வந்துச்சோ அதை மட்டும் எடுத்து காட்டுறது ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு, அது லாட்டரி சீட்டு 20 வாங்கி ஜெயிச்சதை மட்டும் ஃபோட்டோ எடுத்து போடுற மாதிரி. சராசரி எடுத்தா இன்னொரு லாபமும் இருக்கு, இருபதும் எங்க ஒன்னுக்கொன்னு ரொம்ப விலகுதோ அங்க மாடலுக்கு டேட்டா இல்லைன்னு தெரிஞ்சுக்கலாம். அதுக்காக இருபதும் ஒத்துப்போனா விடை சரின்னு அர்த்தம் இல்ல, எல்லாரும் சேந்தே தப்பா சொல்லலாம்.

முதல் ரவுண்டு முடிஞ்சதும் இதை செஞ்சு பாருங்க: நெட்வொர்க்குக்கு இலக்கா முழு விகிதத்தை கொடுக்காம, அளந்த விகிதத்துல இருந்து மேக்ஸ்வெல் விகிதத்தை கழிச்சு அந்த மிச்சத்தை மட்டும் கொடுங்க. கணிக்கும்போது மேக்ஸ்வெல்லை திரும்ப கூட்டிக்கலாம். தெரிஞ்ச இயற்பியலை மறுபடியும் கத்துக்க சொல்லி நெட்வொர்க்கை படுத்தாம இருக்கிறதால டேட்டா கம்மியா இருக்குற பக்கத்துல இது நிதானமா நடந்துக்கும், ஆல்ஃபா அதிகமா இருந்தா திருத்தம் சின்னதாயிடும், விடை மேக்ஸ்வெல் பக்கமாவே நிக்கும். சிலர் மிச்சத்தை வால்யூம் ஃப்ராக்ஷனால வகுத்து கொடுப்பாங்க, பூஜ்யத்துல சரியா 1 வரும்னு. யோசனை நல்லதுதான், ஆனா ப 0.0005 மாதிரி குட்டி எண்ணா இருக்கும்போது 1 சதவீத அளவீட்டுப் பிழைய அதால வகுத்தா 20-ன்னு வந்து நிக்கும், அந்த ஒரு வரியே ட்ரெயினிங்கை கடத்திக்கிட்டு போயிடும். பைடார்ச் (நெட்வொர்க்கை நீங்களே கட்டுற பைத்தான் லைப்ரரி) தெரிஞ்சா இலக்கை வகுக்காம நெட்வொர்க்கோட அவுட்புட்டை ப-ஆல பெருக்கி லாஸ் (ட்ரெயினிங்ல குறைக்கிற பிழை) கணக்கு போடுங்க, அதே பலன், இந்த தலைவலி இல்ல.

10. பிழைய படிக்கிறது

சராசரி சதவீதப் பிழை 3-ன்னு வந்தா கொண்டாடாதீங்க. விகிதம் 1.00-ல இருந்து 1.20 வரைக்கும்தான் டேட்டால இருக்குன்னா எதையுமே படிக்காம எல்லாத்துக்கும் 1.08-னு சொல்ற ஒரு முட்டாள் மாடல்கூட எந்த வரிலயும் 10 சதவீதத்துக்கு மேல தப்பு பண்ணாது. அதனால மூணு நம்பரை பக்கத்துல பக்கத்துல வைங்க: எப்பவும் சராசரிய சொல்ற மாடல், மேக்ஸ்வெல், உங்க நெட்வொர்க். மூணுக்கும் அதே குரூப் பிரிப்பு. நெட்வொர்க் மேக்ஸ்வெல்லை தாண்டலைன்னா 3-வது படிக்கு திரும்பிப் போங்க, லேயரை கூட்டாதீங்க.

எதிர்ப்பக்கமும் உண்டு. அளவீடே 2-ல இருந்து 5 சதவீதம் வரைக்கும் உறுதி இல்லாததா இருக்கும்போது 0.3 சதவீதப் பிழைன்னு வந்தா அது திறமை இல்ல, கசிவு. டூப்ளிகேட் வரி இருக்கான்னு தேடுங்க.

ஒவ்வொரு பேப்பருக்கும் தனித்தனியா பிழைய போட்டுப் பாருங்க, மொத்த சராசரி நிறைய மறைச்சிடும். ஒரு பேப்பர்ல எல்லா வரியும் ஒரே பக்கமா, எல்லாம் மேல இல்ல எல்லாம் கீழன்னு தள்ளி இருந்தா பெரும்பாலும் அது நெட்வொர்க் தப்பு இல்ல, வெயிட் பெர்சன்ட்டை வால்யூம்னு எழுதினது இல்ல தண்ணி டெம்பரேச்சர் குழப்பம். நான் டேபிள்ல இருந்த தப்புகளை கண்டுபிடிச்சதுல பாதிக்கு மேல இந்த ஒரு கிராஃப்ல இருந்துதான்.

11. வளைவை இழுத்துப் பாக்குறது

ஸ்கோர் நல்லா வந்தாலும் இதை செய்யாம விடாதீங்க. அலுமினா, தண்ணி, 40 நானோமீட்டர், 30 டிகிரின்னு நிறுத்தி வச்சிட்டு வால்யூம் ஃப்ராக்ஷனை மட்டும் 0-ல இருந்து 5 சதவீதம் வரைக்கும் ஓட்டி கிராஃப் போடுங்க. பூஜ்யத்துல 1 வருதா? துகளே போடாத தண்ணி தண்ணிய விட 3 சதவீதம் நல்லா கடத்துதுன்னு சொல்ற மாடல்களை நான் நிறையவே பாத்திருக்கேன். நடுவுல மேலயும் கீழயும் அலை அடிக்குதா? அப்போ ஓவர்ஃபிட், அதாவது டேட்டாவோட பிழையையும் சேத்து மனப்பாடம் பண்ணிடுச்சு, ஆல்ஃபாவ ஏத்துங்க.

பூஜ்யத்துல 1 வர்றதுக்காக துகள் இல்லாத போலி வரிகளை ட்ரெயினிங்ல சேக்கலாம், தப்பில்ல. டெஸ்ட்ல மட்டும் அதை சேக்காதீங்க, சுலபமான கேள்விய நீங்களே போட்டு நீங்களே மார்க் வாங்குற கதையாயிடும்.

டெம்பரேச்சர் வளைவை பாத்து உடனே முடிவுக்கு வந்துடாதீங்க. சூடு ஏற ஏற விகிதமும் ஏறுதுன்னு சில பேப்பர் சொல்லும், அப்படியே இருக்குதுன்னு சில பேப்பர் சொல்லும், நெட்வொர்க் ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு போட்டு சமாதானம் பேசும். அந்த சரிவு இயற்கையோடதா, இல்ல உங்க டேபிள்ல எந்த கட்சிக்கு வரிகள் அதிகமோ அதோடதான்னு வளைவை மட்டும் வச்சு சொல்ல முடியாது. ஒரு பேப்பர்ல இருந்து 200 வரி, இன்னொன்னுல இருந்து 6 வரின்னு இருந்தா பெரிய பேப்பரை குறைச்சு எடுத்து மறுபடி ஓட்டிப் பாருங்க, சரிவு மாறினா பதில் தெரிஞ்சுடும்.

எந்த இன்புட் முக்கியம்னு வெயிட்டை பாத்து சொல்ற முறை ஒன்னு உண்டு, சீடை மாத்தினா ரேங்கும் மாறும், அதை நம்பாதீங்க. டெஸ்ட் பக்கத்துல ஒரு காலத்தை குலுக்கிவிட்டு பிழை எவ்வளவு ஏறுதுன்னு பாக்குறது பரவாயில்ல.

12. மாடலை இன்னொருத்தர்கிட்ட கொடுக்கும்போது

ஒவ்வொரு இன்புட்டுக்கும் ட்ரெயினிங்ல இருந்த மினிமம் மேக்சிமத்தை சேத்து சேவ் பண்ணுங்க, அதுக்கு வெளிய யாராவது கேட்டா விடை கொடுக்காம எச்சரிக்கை கொடுக்குற மாதிரி நாலு வரி கோட் எழுதுங்க. டேன்ஹெச் நெட்வொர்க் எல்லைக்கு வெளிய போனா தட்டையாகி நின்னுடும், 10 சதவீத செறிவு கேட்டாலும் 5-க்கு சொன்னதுக்கு பக்கத்துலயே ஒரு நம்பரை கூச்சமே இல்லாம கொடுக்கும், பாக்குறவங்களுக்கு அது நியாயமான நம்பர் மாதிரிதான் தெரியும். ஒவ்வொரு எண்ணும் தனித்தனியா எல்லைக்குள்ள இருந்தும் சேர்க்கை டேட்டாவுல இல்லாம போகலாம், கிளைக்கால்ல காப்பர்னு ஒரு வரிகூட இல்லாம அதை கேப்பாங்க, அதுக்கு 20 சீடோட விலகலையும் விடையோட சேத்து காட்டுங்க.

வால்யூம் ஃப்ராக்ஷன் 0.02-ன்னு கொடுக்கணுமா 2-ன்னு கொடுக்கணுமான்னு ஃபங்ஷனுக்கு மேலயே எழுதி வைங்க. நெட்வொர்க்கை மட்டும் சேவ் பண்ணி ஸ்கேலரை விட்டுட்டா மூணு மாசம் கழிச்சு நீங்களே திறந்து பாக்கும்போது விகிதம் 0.7-னு வரும், பைப்லைனை முழுசா ஒரே ஃபைலா போடுங்க, எந்த சைக்கிட்-லேர்ன் வெர்ஷன்ல சேவ் பண்ணீங்கன்னு ஃபைல் பேர்லயே இருக்கட்டும்.